மேலிருந்து வரும் அட்டைத் துண்டு

என் குறிப்பில் தேதிக்குக் கீழே, “கவரைப்பேட்டை ரயில் நிலையம், ஷிப்ட் முடிந்த நேரம்” என்று எழுதியிருக்கிறேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“நாளைலேர்ந்து நான் மேல பாடிக்கினே இருக்கறேன். பாட்டு நின்னா வந்து பாரு கா.”

“உன் பாட்ட கேட்டா மெஷினே நின்னுடும். ஆனா அந்த சத்தத்துல எங்க கேக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். மேற்கொண்டு பேசியதில் விஷயம் புரிந்தது. குடோனின் மேல்தளத்தில் ஓரத் தடுப்பு இல்லை. போன வாரம் அங்கே தனியாகப் பண்டல் இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்த குமார், விளிம்பு தெரியாமல் கீழே விழுந்திருக்கிறார். அவர் இடத்துக்கு நாளை இவள்.

“சாப்பாட்டு பெல் அடிக்கற வரைக்கும் வியிந்து கெடந்தாரு, ஒருத்தருக்கும் தெரியல. நானுந்தான் அந்தாண்ட பேக்கிங் பண்ணிக்கினு இருந்தேன்,” என்றாள் மூத்தவள். பிறகு, “அட்டத் துண்டு ஒண்ணொண்ணா என் பக்கம் கீழ போட்டுக்கினே இரு. அது வந்துக்கினு இருந்தா நீ நல்லா இருக்கறன்னு தெரிஞ்சுக்கறேன்.”

“நீ லீவு போட்டா?”

“அன்னிக்கு தலவலின்னு சொல்லு. ஏறாத.”

“ஏறலன்னா வேற ஆள் வெச்சுப்பாங்கோ கா.”

“லீவு போட மாட்டேன்,” என்றாள் மூத்தவள்.

ஏதோ ஒரு குடோனில் மேல்தளத்துக்குத் தடுப்புக் கம்பி போட்டுவிட்டார்கள் என்று பிறகு அதே பிளாட்பாரத்தில் கேள்விப்பட்டேன். அது இவர்களுடைய குடோன்தானா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.