பத்தாம் தேதி இதழ்

எனக்குப் பொய் சொல்ல வராது, இன்ஸ்பெக்டர். சூப்பில் உப்புக் கூடினால்கூட முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். என் மனைவி கினு அதற்காகப் பலமுறை கோபித்துக்கொண்டிருக்கிறாள்.

டோக்கியோவில் என்னைப் போன்ற எழுத்தாளர்கள் கற்பனை எழுதுவதில்லை. நடந்ததைத்தான் எழுதுவோம், அதுவும் சொந்த வீட்டில் நடந்ததை. கினுவின் காசநோயை ஒன்றரை வருடமாக ஒரு பத்திரிகையில் மாதாமாதம் எழுதினேன். அவள் துப்பிய ரத்தத்தின் நிறம்வரை எழுதினேன். முகம் தெரியாத வாசகர்கள் அவளுக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள்.

இதழ் ஒரு மாதம் முன்பே அச்சுக்குப் போய்விடும். இனி தாங்காது என்று டாக்டர் கைவிரித்ததால், இந்த ஒருமுறை மட்டும் அவள் மரணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். காலை மழை. பேரிக்காய் வேண்டுமென்று கேட்கிறாள், ஒரு துண்டு தின்கிறாள், பத்து மணிக்கு மூச்சு நிற்கிறது. நன்றாக வந்திருந்தது. எழுதும்போது அழுதேன்.

அவளோ தேறிவிட்டாள். காய்ச்சல் இறங்கியது. எழுந்து உட்கார்ந்து தலைசீவினாள். என் மேஜையில் கிடந்த அச்சுப்படியைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னங்க, என்னைச் சாகடிச்சிட்டீங்களா? பாவம், ரொம்ப அழுதிருக்கீங்களே. அடுத்த மாசம் பொழைச்சிட்டான்னு போட்டுடுங்க, போனாப் போகுது."

போனாப் போகுதாம். பத்து வருடமாக ஒரு வரி பொய் எழுதாதவன் நான். அது எனக்கு மிகவும் வலித்தது.

பத்திரிகை ஆசிரியர் ஓமுராவிடம் போய்ச் சொன்னேன். அவரும் சிரித்தார். "அச்சாயிடுச்சு சார். ஜனங்க உங்களை நெசத்துக்காகத்தான் படிக்கிறாங்க. பத்தாம் தேதி இதழ் வந்தப்புறம் வெளியில தலைகாட்ட வேணாம்னு வீட்டம்மாகிட்ட சொல்லிவைங்க."

கேலிதான். ஆனால் நெசத்தைப் பற்றி அவர் சொன்னதில் தப்பில்லை.

மழைக்காக நான்கு நாள் காத்திருந்தேன். எட்டாம் தேதி காலை பெய்தது. பேரிக்காயை நறுக்கித் தட்டில் வைத்தேன்.

"பல் கூசுதுங்க. ஆரஞ்சு இருந்தா உரிச்சுத் தாங்களேன்," என்றாள்.

உரித்துக் கொடுத்தேன். முழுவதும் தின்றாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலையணையை எடுத்தேன். தேறியிருந்ததால் அவள் கைகளில் பலம் இருந்தது. சற்று நேரம் பிடித்தது.

இதைக் கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதை என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் தின்றது ஆரஞ்சு. பேரிக்காய் என்று நான் எழுதியது பொய்.