வெளிப்பூட்டு

நல்ல குடித்தனம் அமைவது நல்ல வரன் அமைவது போலத்தான் சார், எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் மாடசாமி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நெய்வேலி அனல் மின் நிலையத்தின் நிலக்கரி யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முடிந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள விதி. நகரியத்துக்கு வெளியே வடக்குத்து கிராமத்துப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருந்தேன். அதில் வீடு கட்டிக்கொண்டு நானும் என் மனைவி தமயந்தியும் வந்துவிட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாடகைக்கு விடலாம் என்று பின்கட்டைத் தனியாகக் கட்டி, பக்கச் சந்து வழியாக அதற்குத் தனி வாசல் வைத்தேன். அது குடியிருப்பவர்களின் வசதிக்காக.

மதிவாணன் வந்தது அப்போதுதான். வளையமாதேவிக்காரன். அவன் அப்பா சாமிக்கண்ணு காலமெல்லாம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். இவன் ஐ.டி.ஐ. படித்து, கான்ட்ராக்டில் பல வருடம் உழன்று, மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவன். மனைவி பொற்கொடி, சின்னப் பெண் தமிழ்மொழி. தெருவில் பேச்சு எழுந்தது. "அவங்களுக்கா விடப்போறீங்க?" என்று பக்கத்து வீட்டு ராமலிங்கம் நேராகவே கேட்டார். நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை என்றேன். பிறகு இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது மனதுக்கு நிறைவாக இருக்கும்.

நாலு வருடம் ஒரு குறை கிடையாது. வாய் நிறைய "ஐயா" என்பான். பைக்கைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய்த்தான் நிறுத்துவான். வாசல் பக்கம் அவனாக வரமாட்டான். நான் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. அவன் அப்பா ஊரிலிருந்து வந்தால் சந்து முனையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "நல்லா இருக்கீங்களாய்யா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் போவார். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். குழந்தை என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடும்.

2017 சித்திரையில் ஒரு நாள் காலையில் மதி வாசல் வழியாக வந்தான். கையில் ஸ்வீட் பெட்டி.

"அண்ணே, சொந்தமா வூடு வாங்கறது முடிஞ்சிடுச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டோம்."

"எங்கே?"

"தூரமா போவல அண்ணே. எதுத்தாப்ல, சிங்காரவேல் சார் வூடுதான். ரொம்ப நாளா பாத்துக்கினே இருந்தோம். இனிமே நீங்க ஓனர் இல்ல, எதிர்வூட்டுக்காரரு" என்று சொல்லிச் சிரித்தான். சந்தோஷத்தில் சொன்னான். அவன் மனதில் கள்ளம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

சிங்காரவேல் மகனோடு சென்னைக்குப் போய்விட்டவர். அவருடைய வீடு என் வீட்டைவிடப் பெரிது, மாடி உண்டு. அந்த மாடியில் நின்றால் என் கூடம் வரை தெரியும். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு உறுத்தியது அக்ரிமெண்ட்தான். தை மாதம்தான் புதுப்பித்திருந்தோம், பாதிகூட ஓடவில்லை. ஒப்புக்கொண்ட காலம் முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போயேன் என்றேன்.

"வைகாசில பால் காய்ச்சிடணும் அண்ணே, வுட்டா ஆனி, ஆடின்னு தள்ளிப் போயிடும். மிச்ச மாசத்து வாடகைய வேணும்னா நானே குடுத்துடறேன்" என்றான்.

எனக்கு அவன் கொடுக்கிறானாம். தமயந்தி அந்த ஸ்வீட்டை எடுத்துச் சாப்பிட்டு, நல்லா இருப்பீங்க என்று வாழ்த்தினாள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். அவன் என்னிடம் கொடுத்துவைத்திருந்த வாடகை அட்வான்ஸை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். கறாராகப் பேசியிருக்கலாம், பேசவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் சாமிக்கண்ணு வந்திருந்தார். எதிர்வீட்டு போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், மரியாதை தெரிந்தவர்தான். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க, வந்து குந்துங்க. நம்ம வூடுதான்" என்றார். தெருவில் ராமலிங்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் உட்காரவும் செய்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது, அதை மறைப்பானேன்?

இப்போது கரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கேஸ் இருந்தாலும் தமயந்திக்கு வெந்நீர் கரி அடுப்பில் காய்ந்தால்தான் பிடிக்கும். பின்கட்டுப் படுக்கையறை ஜன்னலை ஒட்டி ஒரு தகரச் சார்ப்பு, அதில்தான் கரி மூட்டைகளைக் கொட்டி வைப்போம். நெய்வேலிக் கரிக்கு நெருப்பு வைக்க வேண்டியதில்லை. குவித்துவைத்துக் கவனிக்காமல் விட்டால் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றும். என் சர்வீஸ் முழுக்க யார்டில் கரிக்குத் தண்ணீர் அடிப்பதுதான் என் வேலை. வீட்டில் அந்த வேலையை மதி எடுத்துக்கொண்டிருந்தான். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், படுக்கும் முன் ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் போவான். யாரும் அவனிடம் சொன்னதில்லை.

கத்திரி வெயில் தொடங்கியதும் புதிதாகக் கரி வாங்கினேன். வெயில் காலத்தில் வெந்நீர் எதற்கு என்று தமயந்தி கேட்டாள், மழைக்காலத்தில் விலை ஏறும் என்றேன். ஜன்னல் மட்டத்துக்குக் குவித்து, மேலே தார்ப்பாய் போட்டேன். மதி வழக்கம்போல வாளியோடு வந்தான். "நீ போய்ப் படுப்பா, நான் தெளிச்சுக்கிடுறேன்" என்று அவன் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் நான்தான் வாங்கிக்கொண்டேன். அவனுக்கு நெகிழ்ந்துபோயிற்று. "உங்கள மாதிரி ஒரு ஆளு கெடைக்க மாட்டாங்க அண்ணே" என்றான்.

நான் தெளிக்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். எத்தனை சூடு எதற்கு அறிகுறி என்று என் கைக்குத் தெரியும்.

ஷிப்ட் வேலைக்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். நைட் பார்த்துவிட்டு வந்தவன் பகலில் தூங்கும்போது, மனைவி வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பூட்டைப் பார்த்தால் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். போனையும் அவளே எடுத்துக்கொள்வாள். அன்று பால் காய்ச்சுவதற்குக் குத்துவிளக்கும் பாத்திரமும் வாங்க, பொற்கொடி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பண்ருட்டிக்குக் கிளம்பினாள். தமயந்தியும் கூடப் போனாள். பொற்கொடி சாவியை என்னிடம் கொடுத்து, "அவரு எழுந்தா கொரல் குடுப்பாரு, தெறந்து வுட்டுடுங்க" என்றாள். வெளிச்சம் விழுந்தால் அவன் தூக்கம் கெடுமே என்று, அவர்கள் போன பிறகு அந்த ஜன்னலின் மரக் கதவுகளை வெளியிலிருந்து நான்தான் சாத்தினேன். தார்ப்பாயையும் எடுத்துவிட்டேன். காற்றுப் பட்டால் கரி என்ன செய்யும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிறகு முன் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாவி சட்டைப் பையில் இருந்தது. அந்த வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. ராமலிங்கம் வீட்டில் கதவடைத்து கூலர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கரி வாசனைதான் வந்தது. இந்த ஊரில் அந்த வாசனையை யார் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? ஜன்னல் கதவு பற்றிப் புகை உள்ளே இறங்கியிருக்க வேண்டும், அப்புறம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பலமாகக் கேட்டது, பிறகு குறைந்தது.

பண்ருட்டியிலிருந்து போன் வந்தது. அவர்கள் எண்ணை நான் 'குடித்தனம்' என்றுதான் பதிந்துவைத்திருந்தேன். "அவரு இன்னும் எழுந்துக்கலையா அண்ணே?" என்று பொற்கொடி கேட்டாள். தூங்குகிறான் என்றேன். அந்த நேரத்தில் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. அதனால் நான் சொன்னதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

அதற்குப் பிறகுதான் கூச்சல் போட்டேன், பூட்டைத் திறந்தேன். ஆட்கள் ஓடிவந்தார்கள். நான் கண்ணயர்ந்துவிட்டேன் என்று சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பி, கரி தானாகப் பற்றிய விபத்து என்று எழுதினீர்கள். சாமிக்கண்ணு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

தமயந்திதான் நம்பவில்லை. தீயணைப்புக்காரர்கள் போன பிறகு, கொல்லை மூலையில் கவிழ்ந்து கிடந்த வாளியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருந்தது. "தெனமும் தண்ணி தெளிச்ச வாளியா இது?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. உங்களிடம் வந்து பேசியிருக்கிறாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

தமயந்திக்காகத்தான் செய்தேன், குழந்தையைப் பிரிந்தால் தாங்கமாட்டாள் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். "எதிர்வீடுதானேய்யா?" என்று கேட்டீர்கள். ராத்திரி முழுக்க அதை யோசித்துப் பார்த்தேன். எதிர்வீடுதான். எதிர்வீடாக இல்லாமல் வேறு எந்த ஊரில் எந்த வீட்டை அவன் வாங்கியிருந்தாலும், நானே முன்னால் நின்று பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இப்போது அந்த வீடு பூட்டியபடியே கிடக்கிறது. பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். கதவைத் தட்டினானே, கூப்பிடவே இல்லையா என்று. கூப்பிட்டான். தெளிவாகக் காதில் விழுந்தது. சாவியை எடுத்துக்கொண்டு சந்து வரைக்கும் போய் நின்றேன், சார், இதைக் கட்டாயம் எழுத வேண்டும். உள்ளேயிருந்து "அண்ணே, அண்ணே" என்றான். அதைத் தவிர வேறு வார்த்தை அவன் வாயில் வரவில்லை. நாலு வருடம் சொன்னது போல ஒரே ஒரு தடவை "ஐயா" என்று கூப்பிட்டிருந்தால் திறந்துவிட்டிருப்பேன். நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை.