வீராயிக்கு வைத்த பரீட்சை

“பாம்பு! பாம்பு!”

கத்தியது நான்தான், இன்ஸ்பெக்டர் சார். எனக்குக் குரல்வளம் உண்டு. சின்ன வயதில் கோயில் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் போட்டவன்.

அரியலூரில் எங்கள் திக்கற்றோர் விடுதிக்கு ஒரே விதி. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத கிழங்களுக்குத்தான் சோறு. முடிந்தவர்கள் வெளியே போக வேண்டும். யுத்தத்தால் அரிசி கிடைக்காத காலம் அல்லவா? ஊரில் இருந்த அத்தனை வியாதியும் எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தது. டாக்டர் வந்து முழங்காலைத் தட்டுவார், கிழங்கள் முனகும், டாக்டர் காபி குடித்துவிட்டுப் போவார். மேனேஜராக வந்ததும் நான் வேறு வழி பிடித்தேன். ஒரு பழைய தாம்புக்கயிற்றைக் கூடத்தில் வீசிக் கத்தினேன்.

கண் தெரியாத கொளஞ்சியப்பன், “அந்தா, தூணுகிட்ட போவுது!” என்று கை காட்டினான். முழங்கால் மடங்காத ஆண்டாயி பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“யோவ் மேனேசரே, பாம்புன்னா பொணங்கூட எந்திரிச்சு ஓடும்யா. இதுக்குப் போயி சோத்த நிறுத்துவியா?” என்றாள்.

நிறுத்தினேன். கொளஞ்சியப்பன் இப்போது ரயிலடியில் குருடனாக இருக்கிறான். நல்ல வரும்படி என்று கேள்வி.

அசையாமல் கிடந்தவள் வீராயி ஒருத்திதான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை என்று சொல்லி மூன்று வருஷம் விடுதிச் சோறு தின்றவள்.

“கயித்துக்கு எதுக்குய்யா எந்திரிக்கணும்? ஆண்டிமடத்து முந்திரித் தோப்புல கொட்ட பொறுக்குனவ நான். பாம்பு எது, கயிறு எதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

கூடமே சிரித்தது. சமையல்காரி தனம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் கோபப்படவில்லை. வீராயி சொன்னதில் நியாயம் இருந்தது. கோளாறு பரீட்சையில்தான். கீழப்பழுவூர்ப் பிடாரனிடம் போனேன். பல் பிடுங்கிய நல்ல பாம்பு ஒன்றை எடுத்துக் காட்டினான். முந்திரித் தோப்புக்காரி அதையும் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவாள். எலி பிடிக்க என்று சொல்லி, பல் உள்ளதாகக் கேட்டு வாங்கினேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தனமும் மற்ற வேலைக்காரர்களும் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்த நேரம், அவள் பாய்க்குப் பக்கத்தில் கூடையைத் திறந்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மற்றவர்களுடைய பாதுகாப்பும் என் பொறுப்பு. அவள் எழுந்து வந்து கதவைத் தட்டினால் உடனே திறப்பதற்குத் தயாராக ஜன்னலருகிலேயே நின்றேன்.

“மேனேசரய்யா, இது கயிறு இல்லைய்யா,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

தட்டவில்லை. விஷக்கடி வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

“இப்பவாவது புரிஞ்சுதாய்யா, அவளால நடக்க முடியாதுன்னு?” என்று கேட்கிறீர்கள்.

“கால் சரிதான் சார், ஒத்துக்கறேன். ஆனா பாம்பை அவ கையால தட்டி விட்டா. கை நல்லாத்தான் இருந்திருக்கு, மூணு வருசமா ஏமாத்தியிருக்கா.”