இடது காதுக்குச் சின்ன றப்பர்

என் இடது காது வலது காதைவிடச் சிறியது, ஐயா. நாற்பத்து மூன்று வயதுவரை எனக்கே அது தெரியாது. கனடாவிலிருந்து மச்சாள் வித்தியா அனுப்பிய இயர்போனைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அதை அவள் தன் அண்ணனுக்குத்தான் அனுப்பினாள். என் கணவர் சுபாஸ்கரனுக்குப் பாரிசவாதம் வந்து நான்கு வருடம். இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பாட்டுக் கேட்டால் மனுசன் அமைதியாகக் கிடப்பார் என்று வித்தியா நினைத்தாள். காதுக்குள் செருகுகிற வகைதான். ஆனால் ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. அவர் ஒரு பாட்டுக்கூட முழுதாகக் கேட்கவில்லை.

"கழட்டு கலா. உதைப் போட்டா நீ வீட்டிலை நிக்கிறியோ இல்லையோ எண்டு தெரியேல்லை."

நான் எங்கே போக? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார். தண்ணீர், தலையணை, காலில் மொய்க்கிற இலையான். கிணற்றடியிலிருந்து சவர்க்கார நுரையோடு ஓடி வந்தால், "சும்மாதான் கூப்பிட்டனான்" என்பார். ஒருநாள் சந்தையில் யாரோ வேறு யாரையோ கலா என்று கூப்பிட, கையிலிருந்த கத்தரிக்காயைப் போட்டுவிட்டு "வாறன், வாறன்" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் வந்து நிற்கச் சொல்லி வித்தியாவைக் கெஞ்சினேன். "லீவு தரமாட்டாங்கள் அண்ணி" என்றாள். முதியோர் இல்லத்தில் கேட்டேன். அறுபது ஆகாதவரை எடுக்க மாட்டார்களாம்.

அதற்குப் பிறகுதான் அந்த இயர்போனை என் காதில் போட்டேன். முதல் நாள் பத்து நிமிடத்தில் காது எரிந்தது. பெட்டிக்குள் இயர்போன் முனையில் மாட்ட மூன்று அளவில் றப்பர்கள் இருந்தன. பெரியது இரண்டு காதிலும் குத்தியது. நடுத்தரம் இடது காதில் நிற்கவில்லை. ஒரு கிழமையாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சின்னது. காது மடலை மேலே இழுத்து, செருகி, கொஞ்சம் பின்பக்கம் திருக வேண்டும். பிறகு குனிந்து கூட்டினாலும் விழாது, நோகாது.

பாட்டை ஓடவிட்டு, சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரிடமே உதவி கேட்டேன். "இஞ்சேருங்கோ, ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்."

அவருக்குச் சந்தோசம். வாய் அசைந்தது. "இன்னும் பலமா" என்றேன். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவர் சிரித்தார். நான் குசினிக்குள் போய் அழுதேன், அப்படியோர் ஆறுதல்.

நான் பொறுப்பில்லாதவள் அல்ல. குசினியிலிருந்து முகம் தெரியும்படி கட்டிலை இழுத்துப் போட்டேன். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் மட்டுமே பாட்டுக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கஞ்சி பருக்கினேன். அவருக்கு விழுங்குவது கஷ்டம். புரைக்கேறினால் உடனே ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டச் சொல்லி நேர்ஸ் பிள்ளை காட்டித் தந்திருந்தாள். பத்துப் பன்னிரண்டு தடவை செய்திருக்கிறேன். ஒரு நிமிட வேலை.

கோப்பையைக் கழுவிவிட்டு, இயர்போனைப் போட்டுக்கொண்டு, முருங்கையிலை உருவ உட்கார்ந்தேன்.

நேற்று மரண விசாரணையில், "அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கேல்லையோ அம்மா?" என்றீர்கள். "இல்லை ஐயா" என்றேன். எழுதிக்கொண்டீர்கள். அது பொய்யல்ல. கண்டதா என்று நீங்கள் கேட்கவில்லை.

கண்டேன். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வலது கை எழும்பியது. வாய் என் பெயரைச் சொன்னது. அந்த அசைவு எனக்குப் பாடம். முகம் நீலம் பாரித்தது. எட்டு அடி தூரம்தான். எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். இந்தப் பாட்டு முடியட்டும் என்றும் நினைத்தேன். அது முடிந்து அடுத்தது தொடங்கியது. கை இறங்கியது.

இலை முழுவதையும் உருவி முடித்த பிறகுதான் போய் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் தட்டினேன்.

ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள், ஐயா. நான்கு வருடத்தில் ஒரு நாளும் நான் அவரைக் கவனிக்காமல் விட்டதில்லை. அன்றைக்கும் கண்ணெடுக்காமல் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.