முப்பத்தொன்பதாம் கட்டம்

மாமனார்: இல்ல மாப்ள, போன வாரம் ஆட்டம் நல்லாத்தான் ஓடுச்சு. நீங்க தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டீங்க... படுத்துக்கிச்சு.

மருமகன்: என்ன பண்ணுது?

மாமனார்: பன்னெண்டாவது கட்டத்துல செருப்பு வார் அறுந்துபோகுதில்ல...

மருமகன்: ஆமா. மூணு கட்டம் பின்னால வரணும்.

மாமனார்: வரமாட்டேங்குது. அறுந்த செருப்போட ஜம்முனு முன்னால நடக்குது.

மருமகன்: தள்ளி உக்காருங்க. பாக்கறேன்.

மாமியார்: வந்ததும் வராததுமா அந்த லேப்டாப் பொட்டி முன்னாடி உக்கார வெச்சாச்சா? முகத்தைக் கழுவ விடுங்க அவரை!

மாமனார்: அடுப்படியிலிருந்தே அதிகாரம் பண்ணாதே. ரெண்டு நிமிஷ வேலை.

மாமியார்: ஒன்பது வாரமா அதே ரெண்டு நிமிஷம்தான்.

மருமகன்: பரவாயில்ல அத்தை.

மாமனார்: படம் பூரா பாப்பா வரைஞ்சு வெச்சுட்டா. பள்ளிக்கூட வாசல்லேர்ந்து வீடு வரைக்கும் நாப்பது கட்டம். ஓட வெக்கிற வேலையை மட்டும்தான் மிச்சம் வெச்சா. அதுக்கே நமக்கு நாக்குத் தள்ளுது.

மருமகன்: அவ பாடம் எடுக்கற வகுப்புப் பசங்க ஒரு பீரியட்ல முடிச்சிடுவாங்கன்னு சொன்னா.

மாமனார்: அஞ்சாங்கிளாஸ் பசங்களா?

மருமகன்: ஆமா.

மாமனார்: வெளிய சொல்லிடாதீங்க.

மருமகன்: ம்.

மாமனார்: எனக்கு இதுல பிடிச்சதே இதுதான் மாப்ள. எழுதற வேலையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கட்டளையெல்லாம் கலர் கலரா துண்டு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு மாட்டிவிட்டா ஓடுது. எங்க ஒர்க்ஷாப் மாதிரியே.

மருமகன்: இதோ. "மூணு கட்டம் பின்னால போ." பிரிஞ்சு கெடக்கு.

மாமனார்: அடடே... தானா கழண்டிருக்குமோ?

மருமகன்: தானா கழலாது மாமா. யாராவது பிடிச்சு இழுத்தாத்தான் வரும்.

மாமனார்: உங்க அத்தை தூசி தட்டும்போது கிட்டும்போது...

மாமியார்: என் தலையில போடுங்க! போன வாரம் பூனை. அதுக்கு முந்தின வாரம் கரண்ட்டு. இந்த வாரம் நான்.

மாமனார்: பூனை நிஜமாவே வந்துச்சு.

மாமியார்: வந்து மழைக் கட்டத்தை மட்டும் பாத்துக் கழட்டிட்டுப் போச்சாக்கும்.

மருமகன்: மாட்டிட்டேன். பகடையைத் தட்டிப் பாருங்க.

மாமனார்: இருங்க, கண்ணாடி... ம். நாலு. ஆறு... ரெண்டு. பன்னெண்டு! அறுந்துச்சு... ஒண்ணு, ரெண்டு, மூணு. வந்துட்டா பின்னால!

மருமகன்: சரியாயிடுச்சு.

மாமனார்: சரியாயிடுச்சு...

மருமகன்: என்ன மாமா?

மாமனார்: உங்க அக்கா போன் பண்ணாங்க.

மருமகன்: எப்போ?

மாமனார்: வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமைகூட உங்களுக்கு ஆபீஸ் இருக்காமே. பொண்ணு வீட்டுக்காரங்க நாலு வாரமா காத்துக்கிட்டிருக்காங்களாம். வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போடான்னா, ஆபீஸ் ஆபீஸ்னு தட்டிக் கழிக்கிறானேன்னு அழுதாங்க.

மருமகன்: அக்கா எதுக்கெடுத்தாலும் அழும்.

மாமனார்: "உங்க பேச்சைத் தட்டமாட்டான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாங்க. என்கிட்ட வந்து இதைக் கேக்க அவங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்... சொல்றேன்னுட்டேன்.

மருமகன்: என்னன்னு?

மாமனார்: அடுத்த ஞாயிறு அங்க வருவீங்கன்னு.

மாமியார்: காபி எடுத்துக்குங்க. என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி... சொல்லிட்டீங்களா?

மாமனார்: பாதி சொல்லிட்டேன்.

மாமியார்: மீதியையும் சொல்லுங்க. ராத்திரி பூரா புரண்டு புரண்டு ஒத்திகை பாத்தீங்களே.

மருமகன்: மீதி என்ன?

மாமனார்: அந்தத் துண்டை... நான்தான் கழட்டினேன் மாப்ள.

மருமகன்: தெரியும் மாமா.

மாமனார்: இந்த வாரத்தை மட்டும் சொல்லல. மழை, நாய், சைக்கிள்... எல்லாமே நான்தான்.

மருமகன்: தெரியும்.

மாமனார்: தெரியுமா? எப்பலேர்ந்து?

மருமகன்: ரெண்டாவது வாரத்துலேர்ந்து.

மாமனார்: எப்படி?

மருமகன்: வேற யாராவது கழட்டினா குப்பையில போட்டுடுவாங்க. நீங்க ஸ்கிரீன் ஓரமா வரிசையா அடுக்கி வெச்சிருந்தீங்க. கழட்டின ஒழுங்குல.

மாமியார்: நாப்பது வருஷம் பஸ்ஸைப் பிரிச்சுப் போட்ட கையாச்சே! போல்ட்டைக் கழட்டினா துணி விரிச்சு வரிசையா வெக்கணும் இவருக்கு. எமன் வந்து உசிரைக் கழட்டினாலும், "ஓரமா வைப்பா, தொலைஞ்சிடப் போகுது"ம்பாரு.

மாமனார்: நீ கொஞ்சம் சும்மா இரேன்... தெரிஞ்சுமா மாப்ள வாரா வாரம் வந்தீங்க?

மருமகன்: ரிப்பேர்னு கூப்பிட்டீங்க. வந்தேன்.

மாமனார்: ரெண்டு பஸ் மாறி.

மருமகன்: ஒரு பஸ்தான். இப்ப நேரா விட்டிருக்காங்க.

மாமியார்: இதைக் கேளுங்க. பஸ்ஸா இப்ப முக்கியம்?

மாமனார்: அந்த மொத ஞாயித்துக்கிழமை... எல்லாத்தையும் மாட்டி முடிச்சுட்டு எழுந்தீங்க பாருங்க. "வரேன் மாமா"ன்னீங்க. நானும் "வாங்க"ன்னேன். கேட்டைச் சாத்திட்டுத் திரும்பறேன்... இனிமே எதுக்கு வருவாருன்னு தோணுச்சு. பொண்ணு இருந்தா மாப்பிள்ளை வருவாரு. ஒரு பேரன் பேத்தி இருந்தாலும் வருவாரு. நம்ம வீட்டுல என்ன இருக்கு? அவ பாதியில விட்ட ஆட்டம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் முடிச்சுக் குடுத்துட்டாரு.

மருமகன்: காபி நல்லா இருக்கு அத்தை.

மாமியார்: சர்க்கரை போட மறந்துட்டேன் மாப்பிள்ளை.

மாமனார்: அன்னிக்கு சாயங்காலமே உக்காந்து ஒண்ணைக் கழட்டினேன். தப்புதான். உங்க வயசு என்ன, முப்பத்திரண்டா? அவ போயி பத்து மாசம் ஆச்சு. நான் பாட்டுக்கு உங்களைப் பிடிச்சுக் கட்டிப் போட்டு வெச்சிருக்கேன்.

மருமகன்: யாரும் கட்டிப் போடல.

மாமனார்: அதனால இன்னியோட இது முடிஞ்சுது. இனிமே நான் கை வெக்க மாட்டேன், சத்தியம். ஒரு தடவை முழுசா ஓட்டிக் காட்டிடுங்க. கண்குளிரப் பாத்துட்டு வழியனுப்பி வெக்கிறோம்.

மருமகன்: முழுசாவா?

மாமனார்: வீடு வரைக்கும்.

மருமகன்: கடைசிக் கட்டத்துல கொஞ்சம் சரிபார்க்கணும். ஒரு நிமிஷம்... ம். யாரு நீலம்?

மாமியார்: நீலம் நான்! அந்தப் பையை ஒத்தைத் தோள்ல மாட்டியிருக்கு பாருங்க, அந்தக் காய்.

மாமனார்: அப்படித்தான் மாட்டுவா. தோள் ஒரு பக்கமாச் சாயும்டின்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

மாமியார்: அஞ்சு. தெருக்குழாய்... தண்ணி குடிக்க நின்னுட்டா. உங்க முறை, சிவப்பு.

மாமனார்: மூணு. சைக்கிள் கிடைச்சுடுச்சு! பறக்கறேன் பாரு.

மாமியார்: நாய்கிட்ட மாட்டுங்க, அப்பத்தான் தெரியும்... ஆறு! மறுபடி ஆறு!

மாமனார்: மாப்ள, பகடையில ஏதாவது வேலை பண்ணி வெச்சிருக்கீங்களா? இவளுக்கு மட்டும் ஆறா விழுது.

மருமகன்: நான் பகடையைத் தொடல.

மாமியார்: முப்பத்தாறு... முப்பத்தொன்பது. வாசலுக்கு வந்துட்டா. ஒண்ணு விழுந்தாப் போதும்.

மாமனார்: நாலு விழுந்திருக்கு.

மருமகன்: எது விழுந்தாலும் சேந்துடலாம். அவ அப்படித்தான் குறிச்சு வெச்சிருந்தா. வாசல் வரைக்கும் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு.

மாமனார்: திறக்குது பாரு. நம்ம பச்சைக் கேட்டு. துரு ஏறின கம்பியைக்கூட விடாம வரைஞ்சிருக்கா.

மாமியார்: வந்துட்டா.

மாமனார்: ம். வந்துட்டா.

மருமகன்: சரி மாமா. நான் கிளம்பறேன்.

மாமனார்: அக்காகிட்ட என்னன்னு சொல்லட்டும்?

மருமகன்: நானே பேசிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னால போய் கேட்டைத் திறங்க. லேப்டாப்பை மூடி வெச்சுட்டு வந்துடறேன்.

மாமியார்: எதுக்கு மூடணும்? இருக்கட்டும்.

மருமகன்: இல்ல அத்தை... சூடாயிடும்.

மாமியார்: ஒவ்வொரு ஞாயிறும் இதே பாட்டுதான். எங்களைக் கேட்டுக்கு அனுப்பிட்டு, மூடி வெச்சுட்டு வரேன்னு ரெண்டு நிமிஷம் உள்ள நிக்கிறீங்க.

மாமனார்: விடேன், மூடிட்டு வரட்டும்.

மாமியார்: விடமாட்டேன். நானும் ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை மத்தியானம் இவரு தூங்கினதும் நான் இதைத் திறந்து ஆடுவேன்.

மாமனார்: நீயா? "இந்தப் பொட்டியைத் தூக்கிப் பரண்ல போடு"ன்னு சொல்ற நீயா?

மாமியார்: நான்தான். சிவப்பும் நானே தட்டுவேன், நீலமும் நானே தட்டுவேன். நீலம் பாப்பா. நாய்கிட்டத் தப்பிச்சு, மழையில நின்னு, வாசல் வரைக்கும் வந்துடறா மாப்பிள்ளை. முப்பத்தொன்பதுல நின்னுடறா. ஒண்ணு, நாலு, ஆறு... எத்தனை விழுந்தாலும் உள்ள வரமாட்டேங்கிறா. கேட்டும் திறக்க மாட்டேங்குது.

மாமனார்: இப்பத் திறந்துச்சே.

மாமியார்: அதான் சொல்றேன். மாப்பிள்ளை இருக்கறப்ப வர்றா. அவரு போனதும் வெளியவே நிக்கிறா. இந்த மனுஷன்தான் அதையும் கழட்டியிருக்காருன்னு எட்டு வாரமா வாயை மூடிக்கிட்டிருந்தேன்.

மாமனார்: நானா? ஏய்... செருப்பைக் கழட்டினேன், சைக்கிளைக் கழட்டினேன். எம்பொண்ணு வீட்டுக்குள்ள வர்ற துண்டுல கை வெப்பேனா?

மாமியார்: நீங்க இல்லையா?

மாமனார்: சத்தியமா இல்ல. நான் எடுத்திருந்தா ஓரத்துல இருந்திருக்குமே.

மாமியார்: ஓரத்துல இல்ல. பாத்தேன். எங்கயுமே இல்ல.

மாமனார்: அப்ப அதை யாரு... மாப்ள?

மாமியார்: மாப்பிள்ளை?

மருமகன்: கிளம்பும்போது நான்தான் எடுத்துக் குப்பையில போடறேன் அத்தை... மறுபடி வந்து மாட்டணும்ல.