ஏழாவது வரி

பாபநாசம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் எரிச்சலாகச் சொன்னார்: "அச்சாபீஸ் கம்ப்யூட்டர்ல எம் பேரு ஏழாவது வரியில நிக்கி வே!"

"கோயில் கொடை நோட்டீஸா அண்ணாச்சி? வரியை எண்ணிப் பாத்தியளா?"

"எண்ணுனேன். மூணாவதுதான் இருக்கு. ஆனா கர்சர் ஏழாவது வரியில நிக்கின்னு திரைக்கு அடியில காட்டுது."

"டைப் அடிக்கவன் என்ன சொல்லுதான்?"

"இன்னொரு பத்திரிகையும் திறந்து வச்சிருக்கானாம். அதுல இருந்து இதுக்குத் தாவுனா, நம்பர் மட்டும் பழசுலயே நின்னு போவுதாம். அம்புக்குறியை ஒரு தட்டு தட்டுனான், மூணுன்னு வந்துட்டு."

"அப்ப சரியாப் போச்சுல்லா?"

"எங்க போச்சு? அந்தப் பழசைக் காட்டுலேன்னேன். எம் மச்சினன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வே. ஏழாவது வரியில எம் பேரு. அதுக்குப் பக்கத்துல கர்சர் மினுக்கிட்டு நிக்கி. என்னலேன்னு கேட்டா, எம் பேரை அழிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான் மச்சினன்!"

பக்கத்திலிருந்தவர் பைய கேட்டார்: "கம்ப்யூட்டர் கோளாறை எப்ப சரி பண்ணுதானாம்?"

"நாளைக்கு ஆள் வருதாம். வேண்டாம்னுட்டேன். மச்சினனுக்கு இன்னும் ரெண்டு மகளைக் கட்டிக் குடுக்கணும். அதுவரைக்கும் அந்தக் கோளாறு அப்படியே கிடக்கட்டும்."