தலை குனிந்து வாசிப்பவர்

கமாலுதீன்: ...இல்ல சேட்டா, திட்டிருங்க. திட்டாம சாயா வாங்கித் தந்தா பயமா இருக்கு.

இசக்கிதுரை: எதுக்குலே திட்டணும்? அப்புறம், சேட்டாங்காத. கிட்டார் கையில இருக்கும்போது நான் ஐசக்.

கமாலுதீன்: கிட்டார் பைக்குள்ள இருக்கு.

இசக்கிதுரை: பை தோள்லதானே தொங்குது?

கமாலுதீன்: சரி, ஐசக் சேட்டா. இன்னொரு தப்பு வந்தா ரிதம் கிட்டார் வாசிக்க நிகிலைக் கூப்பிடுவேன்னு போன வாரம் சொன்னீங்க. இன்னைக்கு கஃபேல, அந்த ஸ்லோ ப்ளூஸ்ல... தப்பு என்னோடதுதான்.

இசக்கிதுரை: எந்தத் தப்பு?

கமாலுதீன்: நாலு பார், பதினாறு தட்டு முடிஞ்சதும் நான் விரலை அடுத்த கார்டுக்கு மாத்தணும்ல? மாத்தல. எண்ணிக்கை விட்டுப்போச்சு. அதே கார்டுலயே நின்னுட்டேன்.

இசக்கிதுரை: ஓ...

கமாலுதீன்: நீங்களும் வழக்கம்போல தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒரே சுரத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே...

இசக்கிதுரை: அது தியானம்லே! ஒத்தச் சுரத்துல உலகத்துத் துக்கம் முழுசையும் இறக்கி வைக்கது. அந்த வெள்ளைக்காரம்மா கண்ணைத் தொடச்சதப் பாத்தியா?

கமாலுதீன்: பக்கத்து குடோன்ல மொளகா மூட்டை பிரிச்சாங்க. நானும் தொடச்சேன்.

இசக்கிதுரை: எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்களே, அதுவும் மொளகாய்க்கா?

கமாலுதீன்: அது எனக்கும் புரியல. நீங்க சுரத்தை விட்டதும் மாத்தலாம்னு நான் நிக்கிறேன். நீங்க விடவே இல்ல. சங்கரி அக்கா டிரம்மை ஓங்கி ஒண்ணு போட்ட பொறவுதான் ரெண்டு பேரும் மாத்துனோம்.

இசக்கிதுரை: சங்கரிக்கு எப்பவுமே பொறுமை கிடையாது.

கமாலுதீன்: நேரா சொல்லிருங்க சேட்டா. சனிக்கிழமை வில்லிங்டன் தீவு கச்சேரிக்கு நானா, நிகிலா? ஆறு நாள் சுக்கு குடோன்ல சாக்கு தைக்கிறேன். எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். வீட்டுக்காரி சகீலாகிட்ட என்ன சொல்ல?

இசக்கிதுரை: நிகில் வேண்டாம்னுட்டேன்.

கமாலுதீன்: எப்போ?

இசக்கிதுரை: சாயா சொல்றதுக்கு முன்னால. போன்ல.

கமாலுதீன்: அல்லா! இத முதல்லயே சொல்லக்கூடாதா? ஆனா ஏன்? அவன் என்னைவிட நல்லா வாசிப்பானே?

இசக்கிதுரை: வாசிப்பான், வாசிப்பான்... நீ எதனால எண்ணிக்கையை விட்ட? அதைச் சொல்லு.

கமாலுதீன்: உங்களாலதான்! மேடைன்னா ஒரு கௌரவம் வேணும், செருப்போட வராதன்னு சொன்னது யாரு? மச்சான் சாஹிலோட ஷூவை மாட்டிக்கிட்டு வந்தேன். கடிச்ச கடியில காலைத் தட்ட முடியல. தட்டாம எனக்கு எண்ண வராது.

இசக்கிதுரை: ம்...

கமாலுதீன்: இப்பவாவது கழத்தட்டுமா?

இசக்கிதுரை: கழத்துலே. யோசிக்காமச் சொல்லிட்டேன். அந்த எழவை இனி மேடைப் பக்கம் கொண்டு வராத.

கமாலுதீன்: அப்போ கௌரவம்?

இசக்கிதுரை: சங்கரிகிட்டச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

கமாலுதீன்: சத்தியமா சொல்ல மாட்டேன். எதை?

இசக்கிதுரை: நிகில் எப்பப் பாத்தாலும் ஷூவோடதான் நிப்பான். நீ செருப்போடயே வா. எனக்கு எண்ணவே தெரியாதுலே... ரெண்டு வருசமா தலையைக் குனிஞ்சு, உன் கால் பெருவிரலைப் பாத்துத்தான் வாசிக்கேன்.